லிமா நகரில் நான்கு நாட்கள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள நகரம் லிமா. அது பெரு நாட்டின் தலைநகரம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. லிமா தெற்கே 12 பாகையில் இருக்கிறது. ஆகவே சென்னையைப் போல வெயில் கொளுத்தும் என்றெண்ணி, மெல்லிய சட்டைகளை மட்டும் முதுகுப்பையில் திணித்துக்கொண்டு தில்லியிலிருந்து புறப்பட்டேன். ஆகஸ்டு மாதத்தில் போய் இறங்கிய என்னை மூடுபனிதான் வரவேற்றது. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த கடல் நீரோட்டம் கரையை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம். குளிர்காலத்தில் வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஆயினும் மழை பெய்வதில்லை. ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலும் இரண்டு சென்டிமீட்டர் தேறாது. முதல் வேலையாகக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினேன்.

பலர் ஒரே அறையில் உறங்கும் மலிவு விடுதி ஒன்றில் தங்கினேன். முதல் நாள் பழைய நகரைச் சுற்றினேன். 1535ஆம் ஆண்டில் ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ பிசாரோ நிறுவிய நகரம் இது. நடுவில் பெரிய சதுக்கம். அதைச் சூழ்ந்து பேராலயமும் அரசு மாளிகையும். வீதிகளில் மரச் செதுக்கு வேலைப்பாடு மிக்க மூடிய மாடங்கள் வீடுகளுக்கு அழகு செய்கின்றன. ஆனால், ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் கட்டடங்களைவிட அதன் சந்தையைப் பார்ப்பது நலம் என்பது என் கொள்கை. மறுநாள் காலையில் சுர்க்கியோ என்னும் பகுதியில் உள்ள சந்தைக்குச் சென்றேன்.

அங்கே உருளைக்கிழங்கு மட்டுமே ஒரு கண்காட்சி. மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு எனப் பல நிறங்கள். உருளைக்கிழங்கின் தாயகமே பெருவின் ஆண்டிஸ் மலைப்பகுதிதான். ஆயிரக்கணக்கான வகைகள் அங்கே விளைகின்றன. பக்கத்திலேயே மஞ்சள் மிளகாய்க் குவியல். நாம் நம்முடையது என்றே நம்பியிருக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. போர்த்துக்கீசியர் அதனைக் கொண்டுவருவதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர்.

நண்பகலில் 'செவிச்சே' உண்டேன. அடுப்பே ஏற்றாத சமையல் அது. பச்சை மீன் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்க்கிறார்கள். புளிப்பு ஏற ஏற மீன் வெந்ததுபோல் வெளுத்துவிடுகிறது. துணைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் வைக்கிறார்கள். முதல் கவளத்தில் தயங்கினேன். மூன்றாவதில் மறுபடியும் கேட்கலாமா என்று எண்ணினேன். 2023ஆம் ஆண்டில் இவ்வுணவு மரபை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. மரக்கறி உணவினரும் அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரைவள்ளியும் பூசணியும் பிசைந்து, வளையமாகப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றித் தரும் 'பிகரோனெஸ்' என்ற பண்டம் தெருவோரங்களில் கிடைக்கிறது. உருவத்தில் மெதுவடை, சுவையில் நம் அதிரசத்துக்குத் தூரத்து உறவு.

மூன்றாம் நாள் மாலை, மத்தியச் சந்தையை அடுத்த சீனர் தெருவுக்குச் சென்றேன். 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலும், கடற்பறவைகளின் எச்சத்தை எருவாக வெட்டியெடுக்கும் தீவுகளிலும் அவர்கள் பட்ட துன்பம் சொல்லத் தரமன்று. அதே காலத்தில், 1860இல், நம்மவரும் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறினர் என்பது நினைவுக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்த சீனர்கள் லிமாவுக்கு வந்து சிறு உணவுக்கடைகள் வைத்தனர். இன்று அத்தகைய கடைக்கு 'சீஃபா' என்று பெயர். அது இல்லாத வட்டாரம் லிமாவில் அரிது. இஞ்சிக்கு ஸ்பானிய மொழியில் வேறு சொல் இருந்தும், பெரு மக்கள் 'கியோன்' என்ற சீனச் சொல்லையே வழங்குகின்றனர். சோயாச் சாறு அவர்களுக்கு 'சியாவ்'. அதை ஊற்றி வதக்கிய இறைச்சியும் வெங்காயமும் தக்காளியும், பொரித்த உருளைக்கிழங்கும் சோறுமாகச் சேர்ந்த 'லோமோ சால்தாதோ' இன்று நாட்டின் சொந்த உணவாகவே மதிக்கப்படுகிறது.

நான் உண்ட கடையின் உரிமையாளர் முதியவர். அவருடைய பாட்டனாரின் தந்தை தென்சீனத்திலிருந்து வந்தவராம். எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவருடைய பொறுமையோ எல்லையற்றது. சுவரில் சீன எழுத்தில் பழைய பலகை ஒன்று தொங்கியது. "என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்று கேட்டேன். அவர் புன்னகைத்தார். "தெரியாது. என் பாட்டனார் எழுதியது. எனக்குப் படிக்கத் தெரியாது," என்றார். பிறகு, என் தட்டைச் சுட்டிக்காட்டி, "இது தெரியும்," என்றார்.

நான்காம் நாள் முழுவதும் கடலோரப் பாறைமேட்டில் நடந்தேன். அந்தப் பலகை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. நம் பிள்ளைகள் இட்லியை மறந்துவிடுவார்களோ என்று நம்மில் பலர் கவலைப்படுகிறோம். அக்கவலை வேண்டியதில்லை. இட்லி, தோசை, சாம்பார் என்ற சொற்களை இன்று தில்லித் தெருக்களில் அறியாதவர் எவர்? நாவின் சுவை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அண்டை வீட்டாரும் அதைக் காப்பாற்றுவர். எழுத்துக்கோ அத்தகைய துணை இல்லை. வீட்டார் காத்தால்தான் உண்டு.

என் மகள் சாம்பார் நன்றாக வைப்பாள். ஆனால் அதன் பக்குவத்தை என் தாயார் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை அவளால் படிக்க இயலாது. ஊர் திரும்பிய அன்று மாலையே அந்நோட்டை எடுத்து அவளை அருகில் அமர்த்தினேன். நாளுக்கு ஒரு பக்கம் என்பது எங்கள் ஏற்பாடு. முதற்பக்கம் இஞ்சித் துவையல். அதைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.