பரணுக்குள் ஓடும் காற்று

ஜூன் 4, புதன். ஹூஸ்டன்.

கதவிடுக்கில் மறுபடியும் அந்த விளம்பரத் துண்டு. 'வீடு முழுக்க டக்ட் சுத்தம், 99 டாலர்.' கோடை வந்தால் போதும், யாராவது செருகிவிட்டுப் போகிறார்கள். வழக்கமாகக் குப்பைக்குப் போவதை இன்று மனைவி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். படுக்கையறையில் ஏசிக் காற்று இறங்கும் வென்ட்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. ஏசி ஓடத் தொடங்கும்போது ஒரு வாடை வேறு. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். "மாப்பிள்ளை, ஐப்பசி மழையில நனைஞ்ச நெல்லு மூட்டையைப் பூட்டி வெச்ச உள்ளு மாதிரி இருக்கே இந்த வாசம்?"

வீடு 1972-இல் கட்டியது. நகரின் தென்மேற்குப் பக்கம், ஒற்றைத் தளம், செங்கல் முகப்பு. இந்தக் களிமண் நிலத்தில் நிலவறை தோண்டுவதில்லை. தரையோடு தரையாகக் கான்கிரீட் ஊற்றி, அதன்மேல் வீட்டை எழுப்பிவிடுவார்கள். அதனால் ஏசியின் உள் இயந்திரமும், காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்டுகளும் உட்கூரைக்கு மேலே, அட்டிக் என்கிற பரணில். வீட்டிலேயே வெக்கையான இடத்தின் வழியாகத்தான் வீட்டிலேயே குளிர்ந்த காற்று ஓடுகிறது.

ஜூன் 7, சனி.

ஏணி போட்டு வென்ட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வியர்த்திருந்தது. புள்ளிகளைத் துணியால் துடைத்தால் போய்விடுகின்றன. திரும்ப வந்துவிடும் என்பது தெரிந்ததுதான்.

கணக்கு எளிது. மெக்சிகோ வளைகுடாக் காற்று வீசும் இந்த ஊரில் கோடையில் பனிப்புள்ளி 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வெளிக்காற்று தன் ஈரத்தை அங்கே இறக்கிவிட்டுப் போகும். வென்ட்டில் இறங்கும் காற்று ஏறத்தாழ 13 டிகிரி. பரணோ பகலில் 50 டிகிரியைத் தாண்டும். வென்ட்டைச் சுற்றி உட்கூரையில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலே போதும், பரணின் ஈரக்காற்று உள்ளே வந்து சில்லென்றிருக்கும் தகட்டைத் தொட்டுவிடும். தூசு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. தூசு உணவு, வியர்வை நீர். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடைப் புழுக்கத்தில் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் திண்டாடினார்கள். அதற்கு வழி வரைந்து கொடுத்தவர் 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர். மனிதர்களின் சுகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் ஏசி வாங்கப் போனால் குளிர்விக்கும் திறன் எத்தனை டன் என்று கேட்கிறார்கள்; எவ்வளவு ஈரம் எடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ., வீட்டு டக்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1997-இல் ஒரு கையேடு போட்டது. ராத்திரி உட்கார்ந்து அதைப் படித்து முடித்தேன். சுற்றி வளைக்காத எழுத்து. டக்டைச் சுத்தம் செய்தால் நோய் வராது என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்கிறது. டக்டில் கொஞ்சம் தூசு படிவது இயல்பு. பெரும்பாலான தூசு தகட்டோடு ஒட்டிக் கிடக்கும், அறைக்குள் வரவேண்டுமென்ற கட்டாயம் அதற்கில்லை. சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்கச் சொல்லும் நிலைமைகள் மூன்றே: டக்டின் உள்ளேயோ இயந்திரத்தின் பாகங்களிலோ கண்ணால் காணும்படி பூஞ்சை மண்டியிருப்பது, எலியோ பூச்சியோ குடியேறியிருப்பது, அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குப்பை சேர்ந்து அது வென்ட் வழியாக அறைக்குள் கொட்டுவது. எப்படியானாலும் காரணத்தைச் சரிசெய்யாமல் சுத்தம் மட்டும் செய்தால் எல்லாம் திரும்ப வரும்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம டக்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது பாத்தாங்களா?" என்றாள். பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி.

99 டாலர்க்காரர் வந்தார். மரியாதையான இளைஞர், அதைச் சொல்லியாக வேண்டும். வென்ட் ஒன்றைக் கழற்றி, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படமெடுத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களிடம் காட்டினார். கறுப்பாக ஏதோ தெரிந்தது. எங்கள் டக்ட்தானா அது என்று எனக்குச் சந்தேகம். 'நச்சுப் பூஞ்சை' என்றார். 99 டாலரில் அது அடங்காதாம். கிருமிநாசினிப் புகை அடிக்க வேண்டும், உள்ளே பூச்சுப் பூச வேண்டும், புற ஊதா விளக்கு மாட்ட வேண்டும். கூட்டிக் கூட்டி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்றே ஒப்புக்கொண்டால் தள்ளுபடியும் உண்டு.

டெக்சஸ் மாநிலத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பூஞ்சை தொடர்ச்சியாக 25 சதுர அடியோ அதற்கு மேலோ பரவியிருந்தால் அகற்றுபவருக்கு மாநில உரிமம் வேண்டும். பூஞ்சையை ஆய்ந்து சொல்பவரே அதை அகற்றும் வேலையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வைத்தியரே மருந்துக் கடையும் நடத்தக் கூடாது என்பது மாதிரியான நல்ல சட்டம். உரிமத்தைக் காட்டுங்கள் என்றேன். அலுவலகத்தில் இருக்கிறது என்றார். தண்ணீரும் ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

புகை அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர்கிளாஸ் பலகையால் செய்த டக்டுக்கோ, உள்ளே ஃபைபர்கிளாஸ் வேய்ந்த டக்டுக்கோ தெளிக்கவென்று கிருமிநாசினி எதையும் இ.பி.ஏ. பதிவு செய்யவில்லை என்று அதே கையேட்டில் இருக்கிறது. அந்தப் பொருள் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் சுத்தம் செய்ய வழியில்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

ஜூன் 15, ஞாயிறு.

பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் மதுரைக்கார நண்பரைப் பார்த்தேன். அவர் வீடும் நம் வீட்டு வயதுதான். "அண்ணே, டக்டை விடுங்க. மொதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க. நல்ல ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு மேல ஏறச் சொல்லுங்க. காலைல ஏழு மணிக்கே வரச் சொல்லுங்க, பத்து மணிக்கு மேல அந்தப் பரண்ல மனுசன் நிக்க முடியாது." அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கின் எண்ணும் கிடைத்தது. மூன்று வருடம் முன்பு டக்ட் சுத்தத்துக்குக் கொடுத்த காசைப் பற்றி இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்.

மெக்கானிக் ஹொண்டுராஸ்காரர், ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. ஏறியவர் முக்கால் மணி நேரம் இறங்கவே இல்லை. பிறகு என்னையும் மேலே கூப்பிட்டார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அவர் காட்டியதையெல்லாம் எழுதிவைக்கிறேன்.

முதலில் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாய். ஏசி காற்றிலிருந்து பிழியும் நீர் இந்த ஊரில் நாளொன்றுக்குக் குடம் குடமாக வரும். காயிலிலிருந்து தட்டில் சொட்டி, தட்டிலிருந்து பிளாஸ்டிக் குழாய் வழியாக அது வெளியேற வேண்டும். அந்தக் குழாய் பாசியும் சளியுமாகப் பாதி அடைத்திருந்தது. தட்டில் நீர் தேங்கித் துரு ஏறியிருந்தது. காயிலின் அடிப்பக்கம் கம்பளி போர்த்தியதுபோல் அழுக்கு. வாடை பிறந்த இடம் இதுதான், டக்ட் இல்லை என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்தது, வீட்டுக் காற்றைத் திரும்ப உறிஞ்சும் வழி. அக்காலத்துக் கட்டுமானத்தில் இதற்கென்று தனிக் குழாய் போடுவதில்லை. ஒரு சிறு அலமாரி அறையை ஜிப்சம் பலகையால் அடைத்து அதையே உறிஞ்சு பெட்டியாக்கிவிடுவார்கள். எங்கள் பெட்டியின் மூலைகளெல்லாம் ஓட்டை. ஏசி ஓடும்போதெல்லாம் பரணின் வெக்கையையும் தூசையும் ஈரத்தையும் சேர்த்து இழுத்து, அதற்கும் சேர்த்துக் குளிரூட்டிக்கொண்டிருந்தது. மின்கட்டணம் நாங்கள் கட்டினோம்.

அப்புறம் டக்டுகள். நடுவில் ஓடும் பெருங்குழாய் பழைய நாகத்தகடு. கிளைகள் பிறகு மாட்டிய ஃப்ளெக்ஸ் டக்ட்: சுருள்கம்பி, பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிப் பஞ்சு, மேலே வெள்ளிக் காகிதம். இரண்டு கிளைகளை எலி கடித்துப் பஞ்சை வெளியே இழுத்திருந்தது. பெருங்குழாய்க்குள் புழுக்கை. குளியலறைப் புகைபோக்கி விசிறி கூரைக்கு வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே வாய் திறந்திருந்தது. ஆளுக்கொரு வெந்நீர்க் குளியலின் ஆவி முழுக்க அங்கேதான்.

கடைசியாக ஒன்று. நாகத்தகட்டுக் குழாயின் இணைப்புகளில் வெள்ளைத் துணிபோல ஒரு நாடா சுற்றியிருந்தது. அதைத் தொட வேண்டாம் என்றார். 1970-கள் வரை டக்ட் இணைப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த நாடா சுற்றுவது வழக்கம். சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தூரிகை விட்டுத் தேய்த்தாலோ காற்றடித்து உலுக்கினாலோ இழை பறக்கும், அதுவும் வீடு முழுக்க. பழைய வீட்டின் டக்டைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 99 டாலர் இளைஞர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த நாடாவில் துணுக்கு ஒன்று ஆய்வகத்துக்குப் போகிறது.

ஜூன் 27, வெள்ளி.

ஆய்வக முடிவு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. இருந்திருந்தால் வேறு கதை, வேறு செலவு.

இன்று மெக்கானிக்கின் பழுதுபார்ப்பு வேலை. நீர்க்குழாயைக் காற்றால் உறிஞ்சித் திறந்தார். தட்டில் நீர் ஏறினால் இயந்திரத்தையே நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் ஒன்று மாட்டினார். இனி அவ்வப்போது ஒரு கப் வினிகர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். எலி கடித்த கிளைகள் மாறின. எலி நுழைந்த கூரையோர ஓட்டைகளில் கம்பிவலை. குளியலறை விசிறிக்குக் கூரைக்கு வெளியே வழி. இணைப்புகளுக்கும் உறிஞ்சு பெட்டிக்கும் மாஸ்டிக் என்கிற களிம்பை வாளியிலிருந்து எடுத்துத் தூரிகையால் கனமாகப் பூசினார்.

டக்ட் டேப் ஒட்டக்கூடாதா என்று மனைவி கேட்டாள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1990-களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் சாதாரண டக்ட் டேப் காய்ந்து உரிந்துவிட்டது. உலகத்தில் எதை ஒட்டவும் ஆகிற டேப், தன் பெயரில் உள்ள பொருளுக்கு மட்டும் ஆகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்.

இத்தனைக்கும் பிறகுதான் துப்புரவு. எலிப் புழுக்கை இருந்ததால் தேவை என்பதில் சந்தேகமில்லை. நாட்கா என்னும் தேசிய டக்ட் துப்புரவாளர் சங்கத்தில் உறுப்பினரான ஒரு சிறு நிறுவனத்தைப் பிடித்தோம். 1989-இல் தொடங்கிய சங்கம், வேலைக்கென்று ஒரு தரவரையறையும் வைத்திருக்கிறது. இரண்டு பேர், பகலில் பெரும்பாதி வேலை. இ.பி.ஏ. கையேட்டில் ஓர் இயந்திரத்துக்கு 450 முதல் 1000 டாலர் வரை ஆகலாம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் கொடுத்ததும் அதற்குள்தான்.

வாசலில் நின்ற பெரிய உறிஞ்சு இயந்திரத்திலிருந்து யானைத் துதிக்கை அளவுக்கு ஒரு குழாயை வீட்டுக்குள் இழுத்து வந்தார்கள். பெருங்குழாயில் வட்டமாக ஒரு துளை வெட்டி அதை இணைத்தார்கள். வென்ட்டுகளையெல்லாம் மூடினார்கள். இயந்திரம் ஓடியதும் டக்ட் முழுவதும் காற்று உட்பக்கமாக இழுக்கப்படும், தூசு அறைக்குள் திரும்ப வழியில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வென்ட்டாகத் திறந்து, நுனியில் ரப்பர் வால்கள் கொண்ட காற்றுக்குழாயை உள்ளே விட்டார்கள். அழுத்தக் காற்றில் அந்த வால்கள் துள்ளித் தகட்டை அடித்து ஒட்டியதைக் கிளப்பும், உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளெக்ஸ் கிளைகளில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தார்கள். உள் உறை கிழிந்துவிடுமாம். காயிலையும் விசிறிச் சக்கரத்தையும் தனியாகக் கழுவினார்கள். டக்டை மட்டும் தட்டிவிட்டு இவற்றை விட்டுவிடுபவர் வேலையைப் பாதியில் விட்டவர். துளையைத் தகடு வைத்து மூடி, களிம்பு பூசி, உள்ளே கேமரா விட்டுக் காட்டினார்கள். புகை அடிக்கவில்லை. அடிக்கலாமா என்று கேட்கவும் இல்லை.

வெளியே வந்தவை: தூசு, புழுக்கை, ஜிப்சம் துண்டுகள், மரத்தூள், வளைந்த ஆணிகள், பழைய பீர் டின்களில் இழுத்துப் பிய்க்கும் மூடி வளையம் ஒன்று. 1972-இல் இந்தக் குழாயை மாட்டியவரின் மதியம் அது. மாமியார் அந்த வளையத்தை மட்டும் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு.

வாடை இல்லை. ஹாலில் மாட்டிய ஈரமானி 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. பழுதுபார்ப்புக்கு முன் 66 வரை போயிருந்தது. அறுபதுக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சைக்கு வளர வழி குறைவு.

நடுவில் ஒருநாள் மட்டும் சட்டென்று ஏறியது. பார்த்தால், தெர்மோஸ்டாட்டில் விசிறியை யாரோ 'ஆன்' நிலைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஏசி நின்ற பிறகும் விசிறி ஓடினால் காயிலில் தங்கிய ஈரத்தை அதுவே திரும்ப அறைக்குள் ஊதிவிடும். 'ஆட்டோ'வில்தான் இருக்க வேண்டும். கூடவே சமையலறை ஜன்னலும் திறந்திருந்தது. "தாளிக்கறப்ப ஜன்னல் திறக்காம எப்படி மாப்பிள்ளை?" என்றார் மாமியார். அவர் கேட்டதும் சரிதான். அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி புகையை வடிகட்டி மறுபடி நம் முகத்திலேயே ஊதுகிற ரகம். வெளியே தள்ளும் விசிறி வாங்கியாக வேண்டும்.

இயந்திரம் 5 டன். இந்த வீட்டுக்கு அதிகம் என்கிறார் மெக்கானிக். பெரிய ஏசி அறையைச் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் கிடைக்காது. ஆயுள் முடியும்போது வீட்டைக் கணக்கிட்டுச் சிறியதாக மாற்றுவோம். அதுவரை தனி ஈரநீக்கி ஒன்று துணைக்கு ஓடும்.

ஜூலை 16, புதன்.

மதுரைக்கார நண்பரின் மைத்துனர் தொலைபேசியில் வந்தார். பழைய வீடு வாங்கியிருக்கிறாராம், டக்ட் சுத்தம் செய்தவர்களின் எண் வேண்டுமாம். தருகிறேன் தம்பி, அதற்கு முன் பரணில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்றேன். நீர்த்தட்டில் தண்ணீர் நிற்கிறதா, உறிஞ்சு பெட்டியில் ஓட்டை இருக்கிறதா, இணைப்புகளில் வெள்ளை நாடா இருக்கிறதா, குளியலறை விசிறி எங்கே ஊதுகிறது. இந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் செலவழித்ததில் துப்புரவுக்குப் போனது நாலில் ஒரு பங்குகூட இல்லை.