பவுடர் மட்டும் போட்டால் போதுமா?

பத்திர ஆபீசுக்கு எதிரே டிடிபி சென்டர் வைத்திருப்பவனுக்கு முத்திரைத்தாள்தான் தலைவலி. வெள்ளைத்தாளில் கறை விழுந்தால் கசக்கிப் போட்டுவிடலாம். ஆயிரம் ரூபாய்த் தாளில் ஓரமாக ஒரு கறுப்புக் கோடு ஓடினால் பார்ட்டிக்கு யார் பதில் சொல்வது? இத்தனைக்கும் எங்கள் கடையில் பல வருஷமாக ஓடுவது ரீஃபில் கார்ட்ரிட்ஜ்தான்.

ரீஃபில் போட்டால் மெஷினே போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பவுடர்தானே, எல்லாம் ஒன்றுதான் என்கிறவர்களும் உண்டு. லேசர் பிரிண்டரில் பாதி, கார்ட்ரிட்ஜுக்குள்தான் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிடுகிறார்கள். 1984இல் வந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட்டிலேயே, அதன் எஞ்சினைச் செய்த கேனான்காரர்கள் டிரம் உருளையையும் பவுடரையும் ஒரே டப்பாவில் அடைத்துவிட்டார்கள். தேய்கிற சாமான் பவுடரோடு சேர்ந்தே மாறிவிடட்டும் என்ற கணக்கு. ஆனால் பவுடர் தீரும்போது டிரம்முக்கு ஆயுசு மிச்சம் இருக்கும். ரீஃபில் தொழில் பிழைப்பதே அந்த மிச்சத்தில்தான்.

எங்களுடையது கேனான் 2900. ஹெச்பி 1020இன் 12ஏ கார்ட்ரிட்ஜ் இதற்கும் சேரும். கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று பார்க்கிற சிப் தொல்லை கிடையாது. 2000 பக்கம் வரும் என்பார்கள். அது தாளில் நூற்றுக்கு 5 பங்குதான் கறுப்பு என்று வைத்துப் போட்ட கணக்கு. நான்கெல்லை, சர்வே நம்பர், சொத்து விவரம் என்று நெருக்கி அடிக்கிற கிரயப்பத்திரம் அதற்குக் கட்டுப்படாது.

ரீஃபில் போடுகிறவர் பைக்கில் வருவார். பழைய பேப்பரை விரித்து, பின்னைத் தட்டி எடுத்து, கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரிப்பார். ஆள் எப்படி என்பது அடுத்த வேலையில் தெரிந்துவிடும். தாளுக்குப் போகாமல் டிரம்மிலேயே தங்குகிற பவுடரை ஒரு பிளேடு வழித்துத் தனி அறையில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கழிவை முதலில் கொட்டினால் தொழில் தெரிந்தவர். கொட்டாமல் புதுப் பவுடரை மட்டும் ஊற்றிவிட்டுப் போனால், அறை நிரம்பி வழிந்து தாளெல்லாம் தூவும். கழிவையே திரும்ப ஊற்றுகிற புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன்.

டிரம், பிளேடு, சார்ஜ் ரோலர் எல்லாம் மாற்றி, ஓட்டிப் பார்த்துத் தருவது வேறு வேலை, வேறு விலை. எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரே புள்ளி 75 மி.மீ.க்கு ஒருமுறை திரும்ப வந்தால் டிரம்மில் கீறல். அந்த உருளையின் சுற்றளவு அவ்வளவுதான். 38 மி.மீ.க்கு ஒருமுறை என்றால் சார்ஜ் ரோலர். மேலிருந்து கீழ்வரை நெட்டுக்கோடு ஓடினால் முதலில் பிளேடைப் பார்க்க வேண்டும். பவுடரைச் சோதிக்கக் கட்டைவிரலே போதும். மட்டமான பவுடர் சூட்டில் சரியாக உருகிப் பிடிக்காது. அழுத்தித் தேய்த்தால் எழுத்து விரலோடு வந்துவிடும். (வேட்டியில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை போகாது.)

அதனால் கடையில் எப்போதும் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறோம். நகல் அடிக்கப் பலமுறை ரீஃபில் ஆனது. முத்திரைத்தாளுக்கு உள்சாமான் மாற்றியது.

சிப் வைத்த புது மாடல்களில்தான் வம்பு. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் சில ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வெளிக்கம்பெனி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க், ஒரே முறைதான் உபயோகிக்க வேண்டும், காலியானதை வேறு யாருக்கும் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு தள்ளுபடி விலையில் கார்ட்ரிட்ஜ் விற்றது. அதை நிரப்பி விற்ற சிறு கம்பெனிமேல் வழக்கும் போட்டது. விற்ற பொருளின்மேல் காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்று 2017 மே 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை’ என்று தினமும் டைப் அடிக்கிறவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் கோர்ட் என்ன சொன்னாலும் சிப் கேட்பதில்லையே!

ஒரிஜினலே வாங்கலாம்தான், கையைக் கடிக்கும். அதிலும் டூப்ளிகேட் நடமாட்டம் உண்டு. நல்ல காலிப்பெட்டி கிடைத்தால் டூப்ளிகேட்காரர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. எப்போதாவது ஒரிஜினல் வாங்கினால், பெட்டியைக் கிழித்த பிறகே பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோம். முழுசாகக் கொடுத்தால் கூடத் தருகிறேன் என்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.