மேடு வருவதற்கு முன்பே கியர்!

நான்கு தடித்த டயர்கள், பைக் போலவே ஹேண்டில்பார், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் சீட். இதுதான் ஏ.டி.வி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறது, அப்போது விற்க ஏதாவது வேண்டும் என்று அமெரிக்க டீலர்கள் கேட்டதால் ஹோண்டா ஒரு மூன்று சக்கர வண்டியை உருவாக்கியது. யூ.எஸ்.90 என்ற பெயரில் 1970-இல் அது விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பைக் ஓட்டத் தெரிந்தவருக்கு இதன் கியர் சுலபம். இடது காலருகே லீவர் இருக்கும். தூக்கினால் அடுத்த கியர், அழுத்தினால் முந்தைய கியர். ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம், வலது கட்டைவிரலால் அழுத்தினால் போதும். சில வண்டிகளில் கிளட்ச் பிடியே கிடையாது. கால் லீவரை அசைக்கும்போது உள்ளே கிளட்ச் தானாக விலகும், காலை எடுத்ததும் சேரும். காலை எடுப்பதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி ஒரு குதி குதிக்கும்!

இதையெல்லாம் சீக்கிரமே பழகிவிடலாம். எப்போது கியர் மாற்றக் கூடாது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட பாடம். செங்குத்தான மேட்டில் பாதி ஏறியபின் இன்ஜின் திணறுகிறது. ஓட்டுபவர் அவசரமாகக் கியரைக் குறைக்கிறார். அந்த ஒரு நொடி இழுவை விட்டுப்போய் வண்டி பின்னால் உருளலாம். பயத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி அவர் மேலேயே மல்லாந்து விழலாம். பெரிய ஏ.டி.வி.க்கள் 300 கிலோவைத் தாண்டும்... நினைத்துப் பாருங்கள்.

அதனால் அடிவாரத்திலேயே குறைந்த கியரைப் போட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, சீராக ஏற வேண்டும். நடுவில் நின்றுபோனால் கௌரவம் பார்க்காமல் பிரேக்கைப் பிடித்து, மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். இறக்கத்திலும் குறைந்த கியர்தான். இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் பிரேக் மட்டுமே துணை.

1985-இல் போலாரிஸ் நிறுவனம் பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக் ஏ.டி.வி.யைக் கொண்டுவந்தது. இன்று அந்த வகையே அதிகம். ஆனால் அவற்றிலும் பாரத்துக்கும் மேட்டுக்கும் 'லோ' என்று ஒரு நிலை உண்டு. அதற்கு மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும். கால் வேலை குறைந்தது, முன்யோசனை குறையவில்லை.

மேட்டடியில் பத்து விநாடி நின்று பார்ப்பவரை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர் முழுசாக வீடு திரும்புவார்!