கசடைத் திருத்திய குமாஸ்தா

இரும்பு ஆலை என்றதும் எல்லோருக்கும் கண்ணில் தெரிவது சிவக்கச் சிவக்க ஓடும் இரும்புதான். அதன் மேல் மிதக்கும் கசடை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் உலையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கசடுதான் முக்கியம். கசடு சரியாக இருந்தால்தான் இரும்பும் சரியாக இருக்கும்!

ஊது உலையில் தாது, கரி இவற்றோடு சுண்ணாம்புக் கல்லையும் ஏன் போடுகிறார்கள்? தாதுவில் இருக்கும் மணற்சத்தும் கரியின் சாம்பலும் தனியாக எளிதில் உருகாது. சுண்ணாம்பு சேர்ந்தால் உருகிக் கசடாகும். கரியிலிருந்து வரும் கந்தகத்தையும் அந்தச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு குறைந்தால் கந்தகம் இரும்பிலேயே தங்கிவிடும். அளவுக்கு மீறினால் கசடு கூழாகி வெளியே ஓடாது. மணற்சத்தைவிடச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இந்தக் கணக்குக்கு மசியாத ஒன்று உண்டு. அது பாஸ்பரஸ். ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் அது கசடுக்குப் போகும். ஊது உலையிலோ கரி எல்லா ஆக்சிஜனையும் பிடுங்கிவிடுகிறது. அதனால் தாதுவில் இருக்கும் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் இரும்புக்கே வந்து சேரும். அதில் செய்த எஃகு குளிரில் பொசுக்கென்று உடையும்.

1856ல் பெஸ்ஸமர், உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தார். காற்றில்தான் ஆக்சிஜன் இருக்கிறதே, பாஸ்பரஸ் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. காரணம், கலத்தின் உட்சுவர் மணற்சத்துச் செங்கல். கசடும் அதே குணம். அப்படிப்பட்ட கசடால் பாஸ்பரஸைப் பிடித்துவைக்க முடியாது. சுண்ணாம்பைக் கொட்டினால் அது சுவரையே தின்றுவிடும். ஐரோப்பாவின் ஏராளமான தாது இதனால் எஃகுக்கு உதவாமல் கிடந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். அப்பா இறந்ததும் 17 வயதில் வேலைக்குப் போனவர். பகலில் கோர்ட், மாலையில் பிர்க்பெக்கில் வேதியியல் வகுப்பு. வேல்ஸ் நாட்டு இரும்பு ஆலையில் வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனைகளுக்குத் துணை நின்றார். தாமஸின் யோசனை எளிமையானது: கசடை மாற்ற வேண்டுமானால் முதலில் சுவரை மாற்று! சுட்ட டோலமைட்டால் சுவர் கட்டி, உள்ளே சுண்ணாம்பு போட்டார். பாஸ்பரஸ் கசடோடு போய்விட்டது.

1878 மார்ச்சில் இரும்பு எஃகுக் கழகக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். பெரியவர்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு குமாஸ்தா பேச்சு, யார் கேட்பார்கள்? 1879 ஏப்ரலில் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் செய்து காட்டிய பிறகு ஐரோப்பா முழுக்க ஆலைக்காரர்கள் தேடி வந்தார்கள். லொரேன் தாதுவுக்கு மதிப்பு வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எஃகு உற்பத்தியில் ஜெர்மனி பிரிட்டனை முந்திவிட்டது. சொந்த நாட்டுக்காரனின் கண்டுபிடிப்பு அடுத்த நாட்டுக்கு அதிக லாபம் தந்தது!

அந்தக் கசடிலும் ஒரு வரவு இருந்தது. பாஸ்பரஸ் பயிருக்கு உணவு அல்லவா? கசடை அரைத்து உரமாக விற்றார்கள். தூக்கி எறிய வேண்டியது துணைப்பொருள் ஆகி, கணக்கில் வரவுப் பக்கம் ஏறியது.

தாமஸுக்கு மட்டும் அதை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. பகலும் இரவும் உழைத்த உடம்பு, நுரையீரல் நோய். 1885ல் பாரிசில் இறந்தபோது வயது 34. சம்பாதித்ததை நல்ல காரியங்களுக்குச் செலவிடும்படி தங்கையிடம் விட்டுப்போனார்.

இனி எங்காவது ஆலைப் பக்கம் கசடு மலையைப் பார்த்தால் வெறும் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரு குமாஸ்தாவின் மாலை நேரங்கள் இருக்கின்றன.