இரும்புக்குப் பேரீச்சம்பழம்!

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள், தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குச் செய்த சேதம் கொஞ்ச நஞ்சமல்ல. பாட்டி காலத்து வார்ப்பு தோசைக்கல், பணியாரக் கல், கடாய் எல்லாம் இரண்டு கை பேரீச்சம்பழத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழம் அரை மணி நேரத்தில் காலி. கல் போனது போனதுதான்.

எங்கள் வீட்டுக் கல் தப்பித்ததற்குக் காரணம், கோழி.

என் மாமியார் சீராகக் கொண்டுவந்த கல் அது. கனம் நாலு கிலோ. வீட்டுக்கு நான்ஸ்டிக் தவா வந்த அன்றே பதவி பறிபோய், ஏலகிரியில் எங்கள் கொல்லைப்புறத்தில் கோழிக்கூடைக்கு மேல் பாரமாக உட்கார்ந்துவிட்டது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மழை, மூடுபனி... பத்து வருஷத்தில் கல், செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

போன வருஷம் மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான். ஆனால், பாதிப் பேர் என்பது படிக்க ஒரு கணக்கு. பெற்ற மகள் படியேறி வந்து மூச்சு வாங்க உட்காரும்போது அது வேறு கணக்கு. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாத்திரை ஒழுங்காப் போடச் சொல்லுங்க. இந்த அளவுல பிரசவத்துல ரத்தம் போனா தாங்காது” என்றார்.

அன்று ராத்திரி என் மனைவி டார்ச்சுடன் கோழிக்கூடை அருகே நின்றாள். “எங்கம்மா இந்தக் கல்லுலதான் ஆறு பிள்ளைங்களுக்கும் சுட்டுப் போட்டா. ஒருத்தருக்காவது ரத்தம் கம்மின்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

அப்போது ரத்தத்தை யாரும் டெஸ்ட் பண்ணவில்லை என்பது வேறு விஷயம். அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

முதலில் கல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பங்கு வரை கார்பன். அதனால் கெட்டி, ஆனால் வளையாது, கீழே விழுந்தால் உடையும். சுண்டிப் பார்த்தேன். ‘ணங்’ என்றது. விரிசல் விட்டிருந்தால் ‘டொக்’ என்றிருக்கும். ஆக, உயிர் இருக்கிறது. துரு என்பது மேலே படிந்ததுதான்.

ஆம்பூர் டேனரியில் நான் கணக்கு எழுதிய காலத்திலிருந்து பழக்கமான மேஸ்திரி பாய், அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு மலையேறி வந்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சிட்டு, புளிக்கரைசலைப் பூசி வையுங்க சார். ராத்திரி முழுக்க விடாதீங்க, புளி இரும்பையே தின்னும். அப்புறம் கடுக்காய்த் தண்ணி காய்ச்சி ஊத்துங்க.”

“கடுக்காய் எதுக்கு பாய்?”

“பட்டை போட்டுத் தோல் பதப்படுத்தின காலத்துல எங்களுக்கு எமனே இரும்புதான். தொட்டியில ஒரு ஆணி விழுந்தாப் போதும், தோல்ல கறுப்புத் திட்டு விழுந்துடும். அதே சமாச்சாரத்தை நீங்க வேணும்னே செய்யுங்க. மிச்சம் இருக்கற துரு கறுப்பா மாறிடும்.”

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் டானின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இப்படித்தான். சொன்னபடியே ஆயிற்று. கடுக்காய்த் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே கறுத்தது.

பக்கத்தில் டீ டம்ளரோடு நின்ற மகள், “அப்பா, டீயிலகூட டானின் இருக்கே?” என்றாள்.

டம்ளரிலிருந்து கொஞ்சம் டீயை, துரு மிச்சமிருந்த ஓரத்தில் ஊற்றினேன். சிறிது நேரத்தில் அங்கேயும் கறுப்பு!

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். மலைக் குளிருக்கு நாளைக்கு ஆறு டீ. இரும்புச் சத்து மாத்திரையை விழுங்குவதும் அந்த டீயோடுதான். அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் அதே அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட்! பாயின் தொட்டியில் நடந்த கூத்து மகளின் வயிற்றில் நடந்துகொண்டிருந்தது. சத்து உடம்பில் ஒட்டினால்தானே? ‘மாத்திரையோடு டீ, காபி கூடாது’ என்று நர்ஸம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். சொன்னது காதில் விழுந்தது. கல்லில் பார்த்த பிறகுதான் மனதில் விழுந்தது. அன்றிலிருந்து மாத்திரைக்கு எலுமிச்சை ஜூஸ். டீ ஆறிலிருந்து இரண்டு. அதுவும் மாத்திரைக்கு ரொம்ப நேரம் தள்ளி.

இனி கல்லைப் பழக்க வேண்டும். நன்றாகக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகச் சுடவைத்து, நல்லெண்ணெய் தடவ வேண்டும். பிறகு, ‘ஐயையோ, தப்பாத் தடவிட்டோமே’ என்பதுபோல் பழந்துணியால் அத்தனையையும் துடைத்துவிட வேண்டும். மிஞ்சும் பளபளப்பு போதும். புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி... மூன்று நாளில் எட்டுத் தடவை செய்தேன். அந்த மெல்லிய எண்ணெய் சூட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகி, எண்ணெய் என்ற ஜாதியே மாறிவிடுகிறது. ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் பெயின்ட் காய்ந்து கெட்டிப்படுவதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். தேங்காயெண்ணெய் இதற்கு லேசில் மசியாது. நிறைய ஊற்றினாலோ பிசுபிசுவென்று பலாப்பிசின்!

முதல் மூன்று தோசை கோழிக்கு. நாலாவது, ஓரம் தானாக எழும்பி வந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். நம்பினேன். அந்த நிமிஷமே நான்ஸ்டிக் தவா கோழிக்கூடைக்கு மாற்றலாயிற்று. காற்றடித்தால் பறக்கிறது.

கல்லில் சுட்டால் ரத்தம் ஊறுமா? எத்தியோப்பியாவில் இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியச் சட்டிக் குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடியதாக 1999-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால், ஒரு சிக்கல். புளிப்பான சமையல்தான் இரும்பை நன்றாக இழுக்கும். அதே புளிப்பு கல்லின் பழக்கத்தையும் கெடுக்கும். கல் பழகப் பழக, தோசைக்குப் போகும் இரும்பு குறையும். ஆக, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லை நம்பச் சொல்ல மாட்டேன். மனைவியிடம் இதை ஒருமுறை விளக்கினேன். அன்று எனக்கு உப்புமா.

இதற்கிடையில், அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்தது. திறந்தால், இரும்புச் சத்து டானிக், பக்கத்திலேயே பேரீச்சம்பழம்! இந்தத் தடவை இரும்பைக் கொடுக்காமலே பழம்.

பிரசவத்துக்கு முந்தைய டெஸ்டில் 10.6. டாக்டரம்மா மாத்திரை என்றார். மகள், டீயைக் குறைத்ததுதான் என்றாள். மனைவி எதுவும் பேசாமல் கல்லைத் துடைத்து, எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்தாள். பிறந்த பேத்தி 2 கிலோ 900 கிராம். தாய்க்கு ஒரு குறையுமில்லை.

மூன்றாம் மாதம் பெங்களூருக்குக் கிளம்பும்போது, “கல்லை எடுத்துக்கட்டுமாம்மா?” என்றாள் மகள். அதைக் கேட்பாள் என்று தெரிந்துதான், மனைவி முந்தின நாளே பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள். டிக்கியில் வைக்கத் தூக்கிய மாப்பிள்ளை, “என்ன மாமா, உங்க பேத்தியைவிட இது கனம்!” என்று முனகினார். புலவர்கள், வள்ளல்கள் பெயரைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேத்தி அயர்ந்து தூங்கினாளாம். கல்தான் பொன்னேரி வரைக்கும் டங்கு டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கியதாம்.