கேபிள் கூடினால் வேகம் கூடுமா?

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெசேஜும் ரேக் போட்டோவும் டிராஃபிக் கிராஃபும் கிடைத்தன. கேபிளுக்கெல்லாம் லேபிள் ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷம். ராத்திரி பத்து மணிவரை சர்வர் ரூமிலேயே கிடக்கிறாய் என்று அம்மாவுக்குத்தான் வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். லேப் ஸ்விட்சுக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு கிகாபிட் கேபிள் இரண்டு போட்டு, ஒரே இணைப்பாக லிங்க் அக்ரிகேஷன் செய்தும், பேக்கப் பழையபடி நொடிக்கு 110 எம்பியிலேயே நிற்கிறது, ஸ்விட்ச் பழுதா என்கிறாய். பழுதே இல்லை. இரண்டு கிகாபிட் என்பது மொத்தக் கணக்கு. ஒரே ஒரு காப்பி வேலைக்குக் கிடைப்பது ஒரு கேபிளின் வேகம்தான். அனுப்புகிற, வாங்குகிற முகவரிகளை வைத்து ஹாஷ் போட்டுத்தான் எந்தக் கேபிள் என்று ஸ்விட்ச் முடிவு செய்கிறது. பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழந்தை குட்டியோடு ஊருக்குக் கிளம்பும் குடும்பம், எத்தனை பஸ் நின்றாலும் ஒரே பஸ்ஸில்தானே ஏறும்!

ஹாஷ் எதைப் பார்க்கிறது என்று செட்டிங்கில் பார். அனுப்புகிற மேக் அட்ரஸை மட்டும் பார்த்தால், ரவுட்டர் வழியாக வருகிற அத்தனையும் ஒரே கேபிளில்தான் இறங்கும். ஐபியையும் டிசிபி போர்ட் எண்ணையும் சேர்த்துவிட்டால் ஓரளவு பிரியும். சரிபாதியாகப் பிரியும் என்று நம்பாதே. எந்தக் கேபிளில் நெரிசல் என்பது ஹாஷுக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், நீ அனுப்பிய கிராஃப் போதாது. அது இரண்டு கேபிளின் கூட்டுத்தொகை. 50 சதவீதம் என்று காட்டினால் பாதி காலி என்று அர்த்தமில்லை. ஒன்று முட்ட நிரம்பி, மற்றது சும்மா கிடந்தாலும் அதே 50தான். ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியே கிராஃப் போடு. எஸ்என்எம்பியில் போர்ட்டின் பைட்டுகளை எண்ணும் 64 பிட் கவுண்ட்டரை எடு. 32 பிட் கவுண்ட்டர் ஒரு கிகாபிட் முழு வேகத்தில் சுமார் 34 நொடியில் நிரம்பிச் சைபருக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை படித்தால் கிடைப்பது பொய்க் கணக்கு.

எரர் கவுண்ட்டரையும் விடாதே. ஒரு கேபிளின் கிரிம்ப் சரியில்லை என்று வை. விளக்கு பச்சையாகவே எரியும். சிஆர்சி எரர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஹாஷ் அந்தப் பக்கம் தள்ளிய சிஸ்டங்கள் மட்டும் இழுக்கும், பக்கத்து சிஸ்டம் ஜோராக ஓடும். நீ உன் லேப்டாப்பைச் செருகிப் பார்ப்பாய், எல்லாம் நன்றாக இருக்கும். புகார் சொன்னவரோடு சண்டைதான் மிச்சம். "சிலருக்கு மட்டும் ஸ்லோ" என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு ஸ்விட்சும் வேறு வேறு கம்பெனி என்று பயப்படாதே. எல்ஏசிபி, லிங்க் அக்ரிகேஷனுக்காக 2000-லேயே ஐஇஇஇ 802.3ஏடி என்று தரப்படுத்திய பொது முறை. கேபிள்களைக் கையால் சேர்த்துவைக்கும் ஸ்டாட்டிக் முறையை விட்டுவிட்டு இதற்கு மாறு. எதிர்முனையோடு பேசிப் பார்த்துத்தான் கேபிளைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், மாற்றிச் செருகிய கேபிளால் லூப் ஆகும் ஆபத்து குறைவு. ஒரு பக்கமாவது ஆக்டிவில் இருக்கட்டும். இரண்டும் பாசிவ் என்றால் சேரவே சேராது.

லிங்க் அக்ரிகேஷனின் உண்மையான லாபம், ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்காது என்பது. ஆபத்தும் அதே இடத்தில்தான்: வேலை நிற்காததால், ஒன்று போனதே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் அலர்ட் வை.

அதனால், வேகம் கூடும் என்று மூன்றாவது கேபிளுக்கு இப்போது பர்ச்சேஸ் நோட் போடாதே. ஒரு வாரம் இரண்டு போர்ட்டையும் தனித்தனியே கிராஃப் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அக்கா