நாலு மணிக்கு ஆத்துக்குப் போங்க!

ஜனவரி 30 வந்தால் எங்கள் அப்பா காலையில் சாப்பிட மாட்டார். திருச்சுழி பக்கம் கரிசல் கிராமம் எங்களுடையது. "1948-ல எனக்கு எட்டு வயசு" என்று அவர் ஆரம்பித்தால், அடுத்து வருவது எங்களுக்கு மனப்பாடம்.

காந்தி சுடப்பட்ட அன்று ராத்திரி, அருப்புக்கோட்டையில் ரேடியோ கேட்ட ஒருத்தர் சைக்கிளில் வந்து சொல்லித்தான் ஊருக்கே தெரிந்ததாம். "நாளைக்கு எல்லாரும் பட்டினி இருக்கணுமாம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆத்துக்குப் போய்க் கும்பிடணுமாம். நேருவே சொல்லிட்டாராம்."

ஆறு என்றால் எங்களுக்குக் குண்டாறுதான். தண்ணீர் ஓடுகிற நாளைவிட மணலாகக் கிடக்கிற நாளே அதிகம். மணலில் ஊற்றுத் தோண்டி, தலை நனைத்துக் கும்பிட்டார்களாம். "வரப்புச் சண்டையில பேசாம இருந்த ரெண்டு வீட்டுக்காரங்க ஒரே ஊத்துல தண்ணி மோந்தாங்க" என்று முடிப்பார் அப்பா.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பேச்சைச் செல்போனில் தேடிக் கேட்டேன். நேரு எழுதி வைத்துப் படிக்கவில்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று தவிக்கிறார். பிரதமராக எட்டி நின்று ஆறுதல் சொல்லாமல், துக்க வீட்டுத் திண்ணையில் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நம் வாழ்க்கையிலிருந்து வெளிச்சம் போய்விட்டது என்கிறார். பிறகு அவரே திருத்துகிறார்: தவறாகச் சொல்லிவிட்டேன், அது சாதாரண வெளிச்சமில்லை, ஆயிரம் வருஷம் கழித்தும் தெரியும். முதலில் அழவிடுகிறார், அப்புறம் கைகொடுத்துத் தூக்குகிறார்.

பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நேரம் அது. யார் மீதாவது பாய ஆத்திரம் காத்திருந்தது. பரவியிருக்கும் விஷத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்கிறார் நேரு. ஆனால், கோபத்தில் யாரும் தப்பாக நடக்கக் கூடாது, பாபு சொல்லித்தந்த வழியில்தான் எடுக்க வேண்டும் என்று அந்தக் கோபத்துக்குக் கரையும் கட்டுகிறார்.

கடைசியில்தான் அப்பா சொன்ன விஷயம். டெல்லியில் தகனம் நடக்கும் நாலு மணிக்கு, மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ப் பிரார்த்தனை செய்யச் சொல்கிறார். துக்கத்தில் கை கால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். நாடு முழுக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுத்துவிட்டார் மனிதர்!

போன வருஷம் மாசியில் அப்பா தவறிப்போனார். கிணற்றுப் பங்கில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லாத என் இரண்டு அண்ணன்களும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். "இன்னைக்காவது பேசுங்கப்பா" என்று ஊரே சொல்லிப் பார்த்தது. அசையவில்லை.

எனக்குக் குண்டாறு ஞாபகம் வந்தது. "பெரியண்ணே, மண்வெட்டிய எடுங்க. சின்னண்ணே, குடத்தை எடுங்க. நீர்மாலைக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம். அப்பாவுக்கு ஊத்துத் தண்ணிதான்" என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார்கள். இடுப்பளவு தோண்டிய பிறகுதான் தண்ணீர் ஊறியதாம். திரும்பி வரும்போது குடத்தை மாற்றி மாற்றிச் சுமந்து வந்தார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கிணற்றுப் பங்கு இன்னும் தீரவில்லை. ஆனால், இந்த ஜனவரி 30 அன்று இரண்டு வீட்டிலும் காலையில் அடுப்பு பற்றவைக்கவில்லை.